கதவில் மாமனார் பெயர், திரும்பிப் போன பூட்ஸ்: ஜெர்மனியில் சின்ன ஊரில் வெளி வேலைகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

இல்மெனாவ்_புதுசு

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஜனவரியில்தான் ஜெர்மனி வந்தோம். பெர்லின், மியூனிக் எல்லாம் இல்லை, தூரிங்கியா மாநிலத்தில் இல்மெனாவ் என்று ஒரு ஊர். எர்ஃபூர்ட்டிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சுற்றிலும் காடு, மலை, நடுவில் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அதனால் நம் ஊர்ப் பையன்கள் கொஞ்சம் பேர் கண்ணில் படுவார்கள். கணவர் காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் வருவார். ஆக பால், மருந்து, தபால், குப்பை, ஆபீஸ் கடிதம் எல்லாம் என் தலையில். கூடவே நாலு வயதுப் பையன். ஜெர்மன் மொழியில் ஏ1 என்கிற முதல் நிலை முடித்திருக்கிறேன், அதாவது ஆப்பிள் சிவப்பாக இருக்கிறது என்று சொல்ல வரும், ஆப்பிள் அழுகியிருக்கிறது என்று சொல்ல வராது.

போன புதன்கிழமையைச் சொல்கிறேன், கேட்டுவிட்டுச் சிரியுங்கள். பையனுக்கு முந்தின ராத்திரியிலிருந்து லேசாகக் காய்ச்சல். அவனுக்கு ஆன்லைனில் வாங்கிய பனி பூட்ஸ் வருகிறது என்று காலை முழுக்க ஜன்னலிலேயே நின்றேன். பார்சல் வண்டி வந்தது, ஆள் இறங்கினார், கீழே கதவு வரை வந்தார், திரும்பிப் போனார். நான் மூன்று மாடி இறங்கி ஓடுவதற்குள் வண்டி தெருமுனையைத் திரும்பிவிட்டது. போனில் பார்த்தால் "பெறுநரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது" என்று வருகிறது. நான் இங்கேதானே இருக்கிறேன்!

சரி, பையனைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து, காலி பாட்டில்களை ஒரு அரிசிப் பையில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். நேரே குழந்தை டாக்டர். கதவில் பலகை, புதன்கிழமை 8 முதல் 12 வரை. மணி பன்னிரண்டே கால். அடுத்து மருந்துக்கு, ஷாம்பூ, வைட்டமின், டீ எல்லாம் அடுக்கியிருக்கும் பெரிய கடைக்குள் போய் அரை மணி நேரம் தேடினேன். பல் முளைக்கும் குழந்தைக்கு ஜெல் இருக்கிறது, நெஞ்சுக்குத் தேய்க்கத் தைலம் இருக்கிறது, பாரசிட்டமால் இல்லை. அங்கே நின்ற பெண்ணிடம் போனில் தெர்மாமீட்டர் படத்தைக் காட்டினேன். அவள் வெளியே கை நீட்டி "அப்போதெகே" என்றாள். சிவப்பு "ஏ" போட்ட கடையில் மட்டும்தான் மருந்தாம். ஒருவழியாக சிரப் கிடைத்தது. அன்றைக்கு முழுதாக முடிந்த வேலை அது ஒன்றுதான்.

அடுத்து சூப்பர் மார்க்கெட். காலி பாட்டிலைப் போட்டால், வாங்கும்போது கட்டிய முன்பணத்துக்குச் சீட்டுத் தருகிற பாட்டில் மெஷின் பையனுக்குத் திருவிழா. ஒவ்வொன்றாக அவனே உள்ளே தள்ளினான். ஒன்றை மட்டும் அது திரும்பத் திரும்பத் துப்பியது. பின்னால் பீர்க் கிரேட்டோடு நின்ற தாத்தா ஒருவர் அந்த பாட்டிலை வாங்கி, நான் வீட்டில் நசுக்கிவைத்திருந்த வயிற்றை வாய் வைத்து ஊதி நிமிர்த்தி, லேபிளைத் தடவிவிட்டு, அடிப்பக்கம் முதலில் போகும்படி வைத்தார். பீப் என்றது. 13 பாட்டில், 3 யூரோ 25 சென்ட் என்று சீட்டு. அந்தச் சீட்டைக் கல்லாவில் கொடுக்க மறந்துவிட்டேன், இன்னும் பர்ஸில்தான் இருக்கிறது. கல்லாவில் அந்த அம்மா சாமானைத் தள்ளுகிற வேகத்தில் சீட்டு எங்கே ஞாபகம் வரும்?

கடைசியாக, பார்சல் எடுக்கிற கவுன்டர். இங்கே அது ஒரு லாட்டரி, பேனா, பத்திரிகை விற்கிற கடைக்குள் இருக்கிறது. அங்கிருந்தவர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என் முகவரியைப் பார்த்தார், "பிரீஃப்காஸ்டன், பிரீஃப்காஸ்டன்" என்று நாலு தடவை சொன்னார். வீட்டுக்கு வந்து அகராதியில் பார்த்தால் தபால் பெட்டியாம்.

விஷயம் அங்கேதான். எங்கள் கதவு மணியிலும் தபால் பெட்டியிலும் வீட்டுக்காரர் ஒட்டிவைத்திருப்பது கணவரின் "குடும்பப் பெயர்". அது என் மாமனார் பெயர். அவர் பாபநாசம் தாண்டி கும்பகோணம் போவதற்கே யோசித்த மனுஷன், இன்றைக்கு ஜெர்மனியில் கதவில் தொங்குகிறார். எனக்கு பாஸ்போர்ட்டில் என் அப்பா பெயர். பையனுக்கு என் கணவர் பெயர். மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். எனக்கும் பையனுக்கும் வந்திருக்கவேண்டிய காப்பீட்டு அட்டையும் இந்த லட்சணத்தில் திரும்பிப் போயிருக்கும் என்று இப்போதுதான் உறைக்கிறது. நானே ஒரு காகிதத்தில் மூன்று பெயரும் எழுதி செல்லோடேப் போட்டு ஒட்டினேன். மறுநாள் காலை யாரோ கிழித்துவிட்டார்கள்.

இந்தப் பெயர் விவகாரத்தை நீங்கள் எல்லாம் எப்படித் தீர்த்தீர்கள்? அப்புறம், வெளி வேலைகளுக்கு ஏதாவது முறை வைத்திருக்கிறீர்களா, அல்லது எல்லாரும் இப்படித்தான் நாலு வேலைக்குப் போய் ஒன்றை முடித்துக்கொண்டு வருகிறீர்களா?

முன்னாள்_மாணவன்

இல்மெனாவில் மூன்று வருஷம் படித்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். இங்கே முகவரியில் வீட்டு எண் உண்டு, ஃபிளாட் எண் கிடையாது. 12ஆம் எண் கட்டடம் என்று வருவார்கள், அதில் எட்டு வீடு இருந்தால் எது உங்களுடையது என்று சொல்வது மணியில் இருக்கிற பெயர் மட்டும்தான். நம் ஊர்த் தபால்காரர் மாதிரி "யாரு, மாடியில வந்திருக்கிற புதுப்பொண்ணா" என்று விசாரிக்கிற வழக்கம் இல்லை. பெயர் இல்லை என்றால் ஆள் இல்லை. இதற்கு டாய்ச் (ஜெர்மன் மொழி) தெரிந்தும் பயனில்லை, பெயர்ப்பலகைதான் வேண்டும்.

காகிதத்தைக் கிழித்தது பெரும்பாலும் ஹவுஸ்மைஸ்டர், கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். எல்லாப் பலகையும் ஒரே எழுத்தில், ஒரே அளவில் இருக்கவேண்டும் என்பது அவர் கௌரவப் பிரச்சினை. அவரிடமோ வீட்டு நிர்வாகத்திடமோ மூன்று பெயரையும் எழுதிக் கொடுத்து அச்சடித்துப் போடச் சொல்லுங்கள். அதுவரை எதை ஆர்டர் பண்ணினாலும் முகவரியின் இரண்டாவது வரியில் சி/ஓ (இன்னாரின் வீட்டில் என்று அர்த்தம்) போட்டு கணவரின் குடும்பப் பெயரை எழுதுங்கள், வந்துசேரும்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள், ஏனென்றால் இந்த நாடு இன்னும் தபாலில்தான் ஓடுகிறது. வரி எண் தபாலில் வரும். வங்கி அட்டை ஒரு உறையில், அதன் ரகசிய எண் வேறொரு நாள் வேறொரு உறையில். வீட்டுக்கு ஒன்று என்று மாதம் 18.36 யூரோ வானொலி, தொலைக்காட்சிக் கட்டணக் கடிதமும் வரும். டிவியே இல்லை என்று அதைத் தூக்கிப் போடாதீர்கள், டிவி இருக்கிறதா என்று அவர்கள் கேட்கவே இல்லை, வீடு இருக்கிறது அல்லவா, அது போதும். உங்கள் பெயரிலும் கணவர் பெயரிலும் தனித்தனியாக வந்தால் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர் கட்டுகிறவரின் கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போடவேண்டும். பெயர் வேறு வேறாக இருப்பதால் உங்களுக்கு இரண்டு கடிதம் வர நிறைய வாய்ப்பு.

காப்பீட்டு அட்டைக்கு: காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் போட்டு அட்டையை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். அது வருகிறவரைக்கும் "எர்ஸாட்ஸ்பெஷைனிகுங்" கேளுங்கள், அட்டைக்குப் பதிலான சான்று. அதை டாக்டருக்கே நேரடியாக அனுப்பிவிடுவார்கள், பையனைக் காட்டலாம்.

டாக்டர் கிளினிக்குகள் புதன் மதியமும் வெள்ளி மதியமும் பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். அந்த நேரத்தில் அவசரம் இல்லாத உடம்புக்கு 116117, உயிர் போகிற அவசரத்துக்கு 112. இரண்டையும் போனில் போட்டு வையுங்கள்.

அப்புறம் தூரிங்கியாவுக்கு மட்டும் ஒரு பொறி உண்டு. செப்டம்பர் 20 இங்கே குழந்தைகள் தினம், அரசு விடுமுறை, 2019இலிருந்து. போன வருஷம் அது சனிக்கிழமை. வாரச் சாமானை எப்போதும் சனிக்கிழமை வாங்குகிறவன் நான். அன்றைக்குப் பூட்டு, மறுநாள் ஞாயிறு, அதுவும் பூட்டு. இரண்டு நாள் பாஸ்தாவில் ஊறுகாய் போட்டுத் தின்றேன். கொடுமை என்னவென்றால் பக்கத்து மாநிலமான பவேரியாவில் கடை திறந்திருந்தது.

ரூர்_பெரியவர்

பிள்ளை, உங்கடை கடிதத்தை வாசித்துச் சிரித்தேன், கவலையாயும் இருந்தது. நான் யேர்மனிக்கு வந்தது 1985இல். கிழக்கு பேர்லினில் விமானம் இறங்கி, மேற்குக்குக் கடந்து, பிறகு மேற்கே ரூர் தொழிற்பகுதிப் பக்கம் அனுப்பப்பட்ட எங்கடை ஆட்கள் கணக்கப் பேர், அதில் நானும் ஒருவன். எனக்கும் இதே கூத்துத்தான். என்ரை அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகப் பதிந்து, நாற்பது வருடமாக எல்லாரும் என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். முதல் இரண்டு வருடம் திரும்பிப் பார்க்கவே மாட்டேன், வேறு ஆளைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நிற்பேன். இப்ப வீட்டில் மனுசி என்ரை சொந்தப் பெயரைச் சொன்னால்தான் யாரோ மாதிரிக் கிடக்கிறது.

வெளி அலுவலுக்கு ஒரு முறை கேட்டீர்கள். நான் செய்தது இது. ஒரு சின்னக் கொப்பி. ஓர் அலுவலுக்கு ஒரு பக்கம். மேலே அந்தக் கடையோ கந்தோரோ திறக்கிற நேரம், கீழே அங்கே கொண்டுபோக வேண்டிய கடதாசி, அதற்குக் கீழே வாய் திறந்து முதலில் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வசனம், தமிழ் எழுத்தில். அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது. முதல் பக்கத்தில் "இஷ் மொஷ்ற்றெ ஸ்வை பிரீஃப்மார்க்கன்", எனக்கு இரண்டு முத்திரை வேண்டும். பக்கத்தில் 80 என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறேன், உள்ளூர்க் கடிதத்துக்கு அப்ப 80 ஃபெனிக், யூரோவுக்கு முந்தின காலச் சில்லறை. இப்ப 95 சென்ட். இப்ப பேரப்பிள்ளைகள் முத்திரையே வாங்குவதில்லை, போனில் காசு கட்டி, வருகிற இலக்கத்தைப் பேனையால் உறையில் எழுதிப் போட்டுவிடுகிறார்கள், அதுவும் போய்ச் சேருகிறது! உங்களுக்கும் அது வசதி, கியூவில் நிற்கத் தேவையில்லை.

இன்னொன்று. முழு வசனமும் பிழையில்லாமல் சொல்ல வேண்டுமென்று நினைத்து வாசலிலே நிற்காதேங்கோ. உள்ளே போகும்போதே "குட்டன் டாக்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். டொக்டரின் காத்திருக்கும் அறையில் பத்துப் பேர் இருந்தாலும் பொதுவாக எல்லாருக்கும் ஒருக்கால் சொல்ல வேண்டும், எங்கடை ஊரில் அப்படிச் செய்தால் பைத்தியம் என்பார்கள், இங்கே செய்யாவிட்டால் மரியாதை தெரியாதவர் என்பார்கள். அதைச் சொல்லிவிட்டுப் பிறகு நீங்கள் கடதாசியைக் காட்டி ஊமைப் பாஷை கதைத்தாலும் பொறுமையாக உதவி செய்வார்கள். நேரே ஆங்கிலத்தில் தொடங்கினால் முகம் இறுகிவிடும், உங்கடை பக்கம் பழைய கிழக்கு யேர்மனி, அங்கே வயதானவர்களுக்கு அது வராது, அவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது ரஷ்ய மொழி.

பக்கத்து வீட்டாரைப் பிடியுங்கோ. கீழ் மாடியில் வயதான மனிசி யாராவது இருப்பார், நாள் முழுக்க வீட்டில் இருப்பார், பார்சல் எல்லாம் அவர்தான் வாங்கி வைப்பார். அவருக்கு ஏதாவது இனிப்புச் செய்து கொண்டுபோய்க் கொடுத்து, பையனையும் காட்டிவிட்டு வாங்கோ. ஆனால் இரவு பத்துக்குப் பிறகு சத்தம் வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடுவது, கண்ணாடிப் போத்தலைத் தெருத் தொட்டியில் போடுவது, எல்லாம் வேண்டாம். கண்ணாடி வெள்ளை, பச்சை, பழுப்பு என்று மூன்று வாயில் பிரித்துப் போட வேணும். வைன் போத்தலுக்குக் காசு திரும்ப வராது, அது அங்கேதான் போகும். பீர்ப் போத்தலுக்கு 8 சென்ட் வரும்.

கோடையில் ஹம் நகரத்தில் காமாட்சி அம்பாள் கோயில் தேர் நடக்கும். தூரந்தான், ஆனால் வாங்கோ. தேருக்குப் பக்கத்தில் கடைகள் போடுவார்கள், உழுந்து, ஒடியல் மா, கறிவேப்பிலை எல்லாம் ஒரே இடத்தில் எடுக்கலாம்.

நேரடியாச்_சொல்றேன்

எல்லாரும் கொஞ்சிக்கொண்டே இருங்கள். ஒரு நாட்டுக்கு வருவதற்கு முன்னால் மொழி கற்றுக்கொண்டு வந்தால் இந்தத் தொல்லையே இல்லை. நான் வரும்போது பி1 முடித்துவிட்டு வந்தேன், முதல் நாளிலிருந்து எல்லா வேலையும் நானே பார்த்தேன். உங்கள் ஊரிலோ பக்கத்திலோ ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்கிற பெரியவர்களுக்கான கல்வி நிலையம் இருக்கும், சாயங்கால வகுப்பு நடக்கும், முதலில் அங்கே போய்ச் சேருங்கள். தபால் பெட்டிக் கதை எல்லாம் அப்புறம்.

இல்மெனாவ்_புதுசு

@நேரடியாச்_சொல்றேன், வகுப்பில் சேர்வதற்கு விண்ணப்பம் ஏற்கெனவே போட்டுவிட்டேன். இடம் கிடைத்ததா என்று எப்படித் தெரிவிப்பார்கள் தெரியுமா? தபாலில்.

அடுப்படி_ஆராய்ச்சி

ஹாஹா, அந்தப் பதில் போதும் தங்கச்சி, விடுங்கள்.

பி1 படித்த தம்பிக்கும் சேர்த்தே சொல்கிறேன், நான் பி2. ஆனால் கல்லாவில் நிற்கும்போது எனக்கும் இன்னும் கை நடுங்கும், ஏனென்றால் அங்கே யாரும் பேசுவதே இல்லை, வேகம்தான். சாமானைப் பெல்ட்டில் வைக்கும்போதே கனமானதை முன்னால், முட்டை, ரொட்டி, தக்காளி கடைசியில் என்று வைத்துவிடுங்கள். அவர்கள் தள்ளத் தள்ள பையில் அடுக்கப் பார்க்காதீர்கள், அப்படியே தள்ளுவண்டிக்குள் வாரிப் போட்டு, காசு கட்டிவிட்டு, கல்லாவுக்கு எதிரே ஒரு நீளத் திண்டு இருக்கும், அங்கே நிதானமாக அடுக்கலாம். வண்டி எடுக்க ஒரு யூரோ நாணயம் சாவிக்கொத்தோடு எப்போதும் இருக்கட்டும். பாட்டில் சீட்டை வீட்டிலிருந்து கொண்டுபோகிற பைக்குள் போடாதீர்கள், கையில் பிடித்துக்கொண்டே கடை சுற்றுங்கள், நான் பல்லில் கடித்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன். உங்கள் 3.25 போகவில்லை, அதே கடையில் அடுத்த தடவை கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.

ரொட்டிக் கடையில் இன்னும் நிறைய இடத்தில் காசுதான். "அட்டை எடுப்போம்" என்று எழுதியிருந்தாலும் அது இந்த ஊர் வங்கியின் ஜிரோ அட்டையாக இருக்கலாம், நம் ஊர் விசா அட்டையை நீட்டினால் தலையாட்டிவிடுவார்கள். பையனுக்கு அங்கே ஒரு குட்டி பன் சும்மா கொடுப்பார்கள். கறிக் கவுன்டரில் ஒரு சுருள் வுர்ஸ்ட், அதாவது சாசேஜ், நீட்டுவார்கள், அது பெரும்பாலும் பன்றி, நீங்கள் சாப்பிடாதவர்கள் என்றால் கை நீட்டுவதற்கு முன்னால் பையனைத் திருப்பிவிடுங்கள்.

ஹம் தேர் வரைக்கும் காத்திருக்கவேண்டியதில்லை, உங்கள் ஊர் சூப்பர் மார்க்கெட்டிலேயே பாதி சமையல் ஒளிந்திருக்கிறது, பெயர்தான் வேறே. வைஸன்கிரீஸ் என்று அரைக் கிலோ பொட்டலம் இருக்கும், அதுதான் ரவை. "வைஷ்" என்று தொடங்குவது உப்புமாவுக்கு, "ஹார்ட்" என்று தொடங்குவது இன்னும் கரடு, கேசரிக்கு வேண்டாம். மைதாவுக்கு மாவுப் பையில் 405 என்ற எண்ணைப் பாருங்கள், சப்பாத்திக்கு 1050, கோதுமை மாவு மாதிரியே வராது, ஆனால் 405 மாதிரி ரப்பராகவும் ஆகாது. ரோட்டே லின்சன் என்பது நம் மைசூர்ப் பருப்பு, சாம்பாருக்கு அது போதும். மில்ஷ்ரைஸ் என்று குண்டு அரிசி இருக்கும், பாயசம் வைக்க வாங்குகிறார்கள், நான் பொங்கலுக்கு வாங்குகிறேன். தயிருக்கு 3.8 சதவீதம் போட்ட நாட்டூர்யோகுர்ட், அதையே உறை ஊற்றலாம். குளிர்காலத்தில் ஓவன் விளக்கை மட்டும் போட்டுவிட்டு உள்ளே வையுங்கள், காலையில் கட்டித் தயிர். பச்சை மிளகாயும் கொத்தமல்லிக் கட்டும் துருக்கிக் கடையில் கிடைக்கும், இல்மெனாவில் இல்லாவிட்டால் எர்ஃபூர்ட்டில் நிச்சயம். மாதத்துக்கு ஒரு தடவைதான் போகிறீர்கள் என்றால் ஜெர்மனி டிக்கெட் (நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸுக்கான மாதச் சீட்டு) எடுக்காதீர்கள், 2023இல் 49 யூரோவாக இருந்தது இந்த ஜனவரியிலிருந்து 63 ஆகிவிட்டது, அதற்கு ஒருநாள் டிக்கெட் மலிவு.

மருந்து பற்றி ஒன்று. பையனுக்கு டாக்டர் எழுதித் தந்தால் அந்தக் காய்ச்சல் சிரப்புக்கூடக் காப்பீட்டில் வரும், 12 வயதுக்குக் கீழே இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கிற மருந்துக்கும் அவர்களே கொடுக்கிறார்கள். நீங்கள் கைக்காசு போட்டு வாங்கியிருக்கிறீர்கள், பரவாயில்லை. ராத்திரி அப்போதெகே மூடியிருந்தால் பயப்படாதீர்கள், அன்றைக்கு எந்தக் கடை முறை என்று ஒவ்வொரு கடைக் கதவிலும் எழுதியிருக்கும். போய் மணி அடித்தால் கதவில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து கொடுப்பார்கள், கூட 2.50 யூரோ வாங்குவார்கள்.

இல்மெனாவ்_புதுசு

எல்லாருக்கும் நன்றி. பெரியவர் ஐயா, கொப்பி வாங்கிவிட்டேன். இன்று என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

காலையில் ஹவுஸ்மைஸ்டர் படிக்கட்டு விளக்கு மாற்ற வந்திருந்தார். "குட்டன் டாக்" என்று நான் போட்ட சத்தத்தில் ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தார். மூன்று பெயரையும் அச்சு எழுத்தில் எழுதிய காகிதத்தைக் கொடுத்தேன். படித்தார். மறுபடி படித்தார். முகம் மாறிவிட்டது. மூன்று விரலைக் காட்டி ஏதோ கேட்டார், "ஃபமிலியன்" என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. அப்போதுதான் புரிந்தது, மூன்று குடும்பத்தை வீட்டுக்குள் வைத்திருக்கிறோம், உள்வாடகைக்கு விட்டிருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்! வயிற்றைக் கலக்கிவிட்டது. போனில் மொழிபெயர்க்கலாம் என்றால் கை ஓடவில்லை. கொப்பியைத் திறந்து வம்சாவளிப் படம் போட்டேன். மேலே என் மாமனார், பக்கத்தில் என் அப்பா. மாமனாரிலிருந்து ஒரு கோடு கணவருக்கு, அப்பாவிலிருந்து ஒரு கோடு எனக்கு, எங்கள் இருவரிலிருந்தும் ஒரு கோடு பையனுக்கு. ஒவ்வொருவர் முன்பெயரையும் வட்டமிட்டு, அது அடுத்த தலைமுறைக்கு எப்படிப் பின்பெயராக இறங்குகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டினேன்.

அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். மாமனார் பெயரில் விரலை வைத்து, கதவுப் பலகையைக் காட்டி, "இவர்?" என்கிற மாதிரி கேட்டார். நான் மேலே வானத்தைக் காட்டினேன். "ஆஹா" என்றார். அப்புறம் பையனைக் காட்டி, இவனுக்குப் பிள்ளை பிறந்தால் இவன் பெயரா என்று சைகையில் கேட்டார். ஆமாம் என்றதும் சிரித்தார் பாருங்கள், ஏணி ஆடியது.

பலகை சாயங்காலமே வந்துவிட்டது. மூன்று பெயருமாக நாற்பது எழுத்துக்கு மேல், பலகையோ சுண்டுவிரல் நீளம். இரண்டு வரியாக, எறும்பு எழுத்தில் அடித்திருக்கிறார். தபால்காரருக்குக் கண் நன்றாக இருக்கவேண்டும். மாமனார் பெயர்தான் முதலில், அது மட்டும் கொஞ்சம் பெரிதாக.

பூட்ஸை மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பனி உருக ஆரம்பித்துவிட்டது, ஒரு சைஸ் பெரிதாகப் போட்டுவிட்டேன், அடுத்த வருஷத்துக்கு ஆகும்.

கீழ் வீட்டு அம்மாவுக்கு வைஸன்கிரீஸில் கேசரி கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன். @அடுப்படி_ஆராய்ச்சி அக்கா, நெய்க்கு இங்கே என்ன பெயரில் தேடவேண்டும்? வெண்ணெயை உருக்கினால் போதுமா?

அடுப்படி_ஆராய்ச்சி

புட்டர்ஷ்மால்ஸ். வெண்ணெய் இருக்கிற தட்டிலேயே டப்பாவில் இருக்கும், மஞ்சளாக. ஆனால் உப்பில்லாத வெண்ணெயை உருக்கினால்தான் வாசனை, அதையே செய்யுங்கள். ஏலக்காய் குறைவாகப் போடுங்கள், இங்கே அது அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் பலகார வாசனை.

முன்னாள்_மாணவன்

நாளைக்குப் புதன். குப்பை நாள்காட்டியைப் பார்த்தீர்களா? உங்கள் தெருவில் மஞ்சள் பை (பிளாஸ்டிக் உறை, டப்பாக் குப்பை) நாளைக்கு என்றால் இன்று ராத்திரியே வெளியே வைத்துவிடுங்கள், காலை ஆறு மணிக்கெல்லாம் வண்டி வந்துவிடும்.

இல்மெனாவ்_புதுசு

ஐயோ, ஆமாம், மஞ்சள்தான். மூன்று மாடி. போய்விட்டு வருகிறேன்.